பத்தீர் இன்னும் இருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல பாலஸ்தீனம் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சின்ன கிராமங்க கதை எல்லாம் 1948ஓட முடிஞ்சுபோச்சுங்கற மாதிரி எழுதியிருந்தது சரியில்ல. அந்த வருஷம் இஸ்ரேல் உருவானப்போ நடந்த போர்ல 400க்கும் மேல பாலஸ்தீன கிராமங்க காலியானது உண்மைதான், மறுக்கல. ஆனா பத்தீர்னு ஒரு பாலஸ்தீன ஊரு, மேற்குக் கரைல, ஜெருசலேமுக்கு தென்மேற்கே கொஞ்ச தூரத்துல, இன்னைக்கும் விவசாயம் பண்ணிட்டு இருக்கு.

மலைச்சரிவுல கல்லு அடுக்கி படிப்படியா வயல், ரோமர் காலத்து வாய்க்கால்ல ஊத்துத்தண்ணி வருது. ஊர்ல எட்டு பெரிய குடும்பம், ஒரு நாளைக்கு ஒரு குடும்பம்னு முறை வச்சு பாய்ச்சுறாங்க, அதனால பத்தீர்ல வாரத்துக்கு எட்டு நாள்னு அவங்களே சொல்லிக்குவாங்க. கத்திரிக்காய்க்கு பேர்போன ஊரு வேற.

1892ல யாஃபாவுக்கும் ஜெருசலேமுக்கும் துருக்கி ஆட்சில ரயில் விட்டப்போ பத்தீர்ல ஒரு ஸ்டேஷன் வந்துச்சு. ஊரு தப்பிச்சதே இந்த தண்டவாளத்தாலதான்னு நான் சொல்வேன். 1948 ஏப்ரல்ல ஜெருசலேம் பக்கத்துல தெய்ர் யாசின்ங்கற பாலஸ்தீன கிராமத்துல யூத ஆயுதக்குழுக்கள் நடத்துன படுகொலையக் கேட்டு சுத்துப்பட்டு ஜனங்க எல்லாம் பயந்து ஓடுனாங்க, பத்தீர்லயும் பெரும்பாலானவங்க கிளம்பிட்டாங்க. ஹசன் முஸ்தஃபாங்கறவரும் இன்னும் சில பேரும் மட்டும் போகல. ராத்திரி காலி வீடுகள்ல விளக்கு ஏத்தி வச்சு, பகல்ல கொடில துணி காயப்போட்டு, ஊர்ல ஆள் இருக்கற மாதிரியே காட்டிக்கிட்டாங்க. இந்தக் கதைய எல்லாரும் விரும்பி சொல்றாங்க, சொல்லட்டும், ஆனா எனக்கு அதுக்கப்புறம் நடந்த பேரம்தான் பெரிசா தெரியுது.

1949ல இஸ்ரேலும் ஜோர்டானும் போர் நிறுத்தக் கோடு போட்டப்போ ரயில் பாதை முழுசா தன் பக்கம் வரணும்னு இஸ்ரேல் நின்னுச்சு, அதனால ஊரோட நிலத்துல கணிசமான பகுதியும் சில வீடுகளும் இஸ்ரேல் பக்கம் போயிடும் நிலைமை. முஸ்தஃபா தரப்பு நேரா இஸ்ரேல் ராணுவ அதிகாரி மோஷே தயான்கிட்டயே பேசி, தண்டவாளத்துக்கு எங்களால ஒரு சேதமும் வராது, எங்க நிலத்துல நாங்களே உழுதுக்கறோம்னு ஒத்துக்க வச்சாங்க. போனவங்களும் திரும்பி வந்தாங்க. அவரோட சாமர்த்தியம் பெரிசுதான், ஆனா பக்கத்துல ரயில் ஓடாத மத்த கிராமத்துக்காரன் எதை வச்சு பேரம் பேசியிருப்பான்? அவங்க எல்லாம் துணிச்சல் இல்லாம போயிட்டாங்கன்னு யாரும் நினைச்சுடக்கூடாது.

அப்புறம் இஸ்ரேல், தனக்கும் மேற்குக் கரைக்கும் நடுவுல போடற தடுப்புச்சுவர பத்தீர் பள்ளத்தாக்குலயும் கட்டறேன்னு கிளம்புச்சு. ஊர்க்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, சுற்றுச்சூழல் அமைப்பும் கூட நின்னுச்சு, ஆச்சரியம் என்னன்னா இஸ்ரேலோட இயற்கை பூங்கா துறையே சுவர் வந்தா இந்தப் படிவயல் பாழாயிடும்னு எழுதிக்குடுத்துச்சு! 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்து, அப்பவே ஆபத்துல இருக்கற இடம்னும் குறிச்சு வச்சாங்க. 2015 ஜனவரில கோர்ட் அந்தத் திட்டத்த நிறுத்தி வச்சுது.

சுவர் நின்னுச்சு, ஆனா தொல்லை நிக்கல. 2024 ஆகஸ்ட்ல நஹல் ஹெலெட்ஸ்னு ஒரு புது யூதக் குடியிருப்புக்கு இஸ்ரேல் அமைச்சர் ஸ்மோட்ரிச் தரப்புல இருந்து ஒப்புதல் வந்துச்சு, அது இந்த யுனெஸ்கோ பகுதிக்குள்ளயே வருதுன்னு இஸ்ரேல்லயே இருக்கற பீஸ் நவ் அமைப்பு எதிர்ப்பு தெரிவிச்சாங்க. உங்க கட்டுரைல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. 48ல காலியான ஊர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குன நீங்க, இப்ப நிலத்த இழக்கப்போற ஊருக்கு கால் பக்கமாவது குடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்