உப்பில் சயனைடு: அளவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொட்டல உணவுகளில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கப்படும் பொருட்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை 'உப்பில் சயனைடு, பால் பவுடரில் மணல்' என்று எச்சரித்திருந்தது. எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. அதை எழுதாமல் விட்டால் பயம்தான் மிஞ்சும் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில், தூள் ஏன் கட்டியாகிறது? காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புப் பரல் காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். பரலின் மேற்பரப்பு கரைந்து மெல்லிய உப்புநீர்ப் படலமாகும். காற்று உலர்ந்ததும் அந்தப் படலம் மீண்டும் படிகமாகி, பக்கத்துப் பரலோடு பாலம் போட்டுவிடும். இப்படி நனைந்தும் காய்ந்தும் நாலைந்து முறை ஆனால் உப்பு கல்லாகிவிடும். சரியாகக் கழுவாத உப்பில் மக்னீசியம் குளோரைடு தங்கியிருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர் கோர்க்கும். பால் பவுடரின் கதை வேறு. தெளித்து உலர்த்தும்போது அதிலுள்ள லாக்டோஸுக்கு, அதாவது பால் சர்க்கரைக்கு, படிகமாக நேரம் கிடைப்பதில்லை. கண்ணாடி போல உறைந்து நிற்கும். பிறகு ஈரம் ஏறும்போது பிசுபிசுத்துப் படிகமாகி, தான் பிடித்துவைத்த நீரை வெளியே விடும். அந்த நீர் அடுத்த துகளை நனைத்துக் கட்டியைப் பெருக்கும்.

கட்டியைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. துகள்களுக்கு நடுவே நுண்பொடியைப் பூசிப் பிரித்து வைக்கலாம். ஈரத்தை வேறொன்று உறிஞ்சிக்கொள்ளும்படி செய்யலாம். படிகம் வளரும் விதத்தையே மாற்றலாம். சிலிக்கா, கால்சியம் கார்பனேட், மக்னீசியம் கார்பனேட், கால்சியம் சிலிக்கேட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், ஸ்டியரேட்டுகள் எனும் கொழுப்பு அமில உப்புகள், துருவிய சீஸில் சேர்க்கும் செல்லுலோஸ், ஐசிங் சர்க்கரையில் சேர்க்கும் சோள மாவு எல்லாம் முதல் இரண்டு வகை. இவை கிலோவுக்குக் கிராம் கணக்கில் தேவைப்படும். மூன்றாவது வகைதான், கட்டுரை 'சயனைடு' என்று சொன்ன ஃபெர்ரோசயனைடு. படிகத்தின் முகங்களில் ஒட்டிக்கொண்டு பாலம் உருவாகாமல் தடுப்பதால் இதற்கு மில்லிகிராம் போதும்.

உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு எண் வரிசையில், ஐ.என்.எஸ். 535, 536, 538 என்ற எண்களில் வரும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஃபெர்ரோசயனைடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவு ஒரு கிலோ உப்பில் 20 மில்லிகிராம். அமெரிக்காவில் சோடியம் ஃபெர்ரோசயனைடுக்கு 13 மில்லிகிராம். நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு சாப்பிடுபவருக்கு, ஐரோப்பிய உச்ச அளவின்படியே 0.2 மில்லிகிராம்தான் உள்ளே போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வகுத்த அன்றாட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொட ஒரே நாளில் 90 கிராம் உப்பு தின்ன வேண்டும். அவ்வளவு உப்பு தின்றால் ஃபெர்ரோசயனைடைப் பற்றிக் கவலைப்பட நேரமிருக்காது, உப்பே ஆளை முடித்துவிடும். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது.

'ஆனாலும் சயனைடுதானே?' என்று கேட்பார்கள். அதிலுள்ள ஆறு சயனைடு தொகுதிகளும் இரும்பணுவோடு இறுகப் பிணைந்தவை. பொரிக்கும் எண்ணெய் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. இந்தச் சேர்மம் சிதைய 400 டிகிரிக்கு மேல் வேண்டும். வலுவான அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் சயனைடு வாயு வரும் என்பது உண்மை. ஆய்வகத்தில் அது நடக்கும், அடுப்பில் நடக்காது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, நீரில் கரையாத பிரஷ்யன் நீலம் என்ற நிறமியைத் தாலியம், கதிரியக்கச் சீசியம் நஞ்சுக்கு மருந்தாக மருத்துவர்கள் கிராம் கணக்கில் விழுங்கத் தருகிறார்கள்.

அடுத்து மணல். ஐ.என்.எஸ். 551 என்ற சிலிக்கான் டை ஆக்சைடுக்கும் (சிலிக்கா என்பது இதுதான்) மணலுக்கும் வேதிப் பெயர் ஒன்றுதான், வடிவம் வேறு. நுரையீரலைக் கெடுக்கும் குவார்ட்ஸ் தூசி படிகச் சிலிக்கா. அதை மூச்சில் இழுப்பதால்தான் ஆபத்து. உணவில் சேர்ப்பது படிகமற்ற செயற்கைச் சிலிக்கா. 2018-இல் இதை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், துகள் அளவு பற்றிய தரவு போதாது என்று சொல்லி வரம்பு வகுக்காமல் விட்டது. பயமுறுத்தும் பதிவுகள் அதோடு நின்றுவிடுகின்றன. 2024-இல் புதிய தரவுகளைப் பார்த்தபின், இப்போது பயன்படுத்தப்படும் அளவுகளில் கைக்குழந்தைகள் உட்பட எந்த வயதினருக்கும் பாதுகாப்புக் கவலை இல்லை என்று அதே ஆணையம் முடிவு சொன்னது. 2022-இல் ஐரோப்பா தடைசெய்தது டைட்டானியம் டை ஆக்சைடை, அதாவது 171-ஐ. அது வெண்ணிறமூட்டி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். பொட்டலத்துக்குள் 'உண்ணாதீர்' என்று எழுதிப் போடும் சிலிக்கா ஜெல் பையும் வேறு சமாச்சாரம்.

அப்படியானால் கவலைப்படவே ஒன்றும் இல்லையா? இருக்கிறது, கட்டுரை அதைத்தான் தொடவில்லை. சிறுநீரக நோயாளிகள் 341 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது பாஸ்பேட். தானியத்திலும் பருப்பிலும் பைட்டேட் என்ற இயற்கைச் சேர்மமாக இருக்கும் பாஸ்பரஸைவிட, சேர்க்கப்படும் கனிமப் பாஸ்பேட்டுகள் பொதுவாக உடலில் அதிகம் ஏறும். 554 சோடியம் அலுமினோசிலிக்கேட். அலுமினியத்துக்கு ஐரோப்பிய ஆணையத்தின் வார வரம்பு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு வாரம் 20 மில்லிகிராம்தான். பெரியவர்களைவிடக் குழந்தைகள் இந்த வரம்பை எளிதில் எட்டிவிடுவார்கள். 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அலுமினியம் கொண்ட சேர்மங்களுக்கான அனுமதியைக் குறுக்கியதும் அதனால்தான்.

இன்னொரு கவலை ஆலைக்குள் இருக்கிறது. இந்தப் பொருட்கள் கெடாமல் காப்பவை அல்ல; உதிரியாக வைப்பவை மட்டுமே. நல்ல சிலிக்கா தன் எடைக்குச் சமமான நீரையோ எண்ணெயையோ உறிஞ்சிக்கொண்டும் பொலபொலவென்று உதிரும். ஆகவே சரியாக உலராத வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் கைக்கு நன்றாக உலர்ந்தது போலத் தெரியலாம். உலர்த்தியிலிருந்து வந்த தூளைச் சூடு ஆறுமுன் உறையிட்டால், நடுவிலுள்ள ஈரம் குளிர்ந்த ஓரங்களுக்கு நகர்ந்து அங்கே தூளைக் கட்டியாக்கும். அப்போது செய்ய வேண்டியது ஆறவைப்பது. பலர் செய்வது சிலிக்காவை 1 சதவீதத்திலிருந்து 2 ஆக்குவது. அளவு மிஞ்சினால் தூசி பறக்கும், வாயில் நறநறக்கும், சில தூள்கள் முன்பைவிடச் சிரமமாகக் கொட்டும். சலித்த சிலிக்காவைக் கலவையின் கடைசி நிமிடங்களில் சேர்ப்பதே முறை. கொழுப்புள்ள தூளில் வெகுநேரம் அரைபட்டால் அது கொழுப்புக்குள் புதைந்து வேலை செய்யாது.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். 200 மி.லி. வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கலங்கினால் ஒரு கரண்டி வினிகர் ஊற்றுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கார்பனேட். அடியில் வெள்ளையாகப் படிந்தே நின்றால் பெரும்பாலும் சிலிக்கா அல்லது சிலிக்கேட். அனுமதித்த அளவுக்குள் இருந்தால் இரண்டுமே கலப்படம் அல்ல. ஊறுகாய் நீர் கலங்குவதும் இதனால்தான். அதற்குச் சேர்க்கையில்லா உப்பை வாங்கலாம். ஃபெர்ரோசயனைடு இந்தச் சோதனையில் தெரியாது.

'சேர்க்கை எதுவும் இல்லை' என்ற வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அரிசி உமியை அரைத்து, சிலிக்காவுக்கு இயற்கை மாற்று என்று விற்கிறார்கள். உமி கட்டியைத் தடுப்பதே அதில் நிறைய சிலிக்கா இருப்பதால்தான்.

எங்கள் கோரிக்கை இதுதான். உறையில் இப்போது பெயரோ எண்ணோ மட்டும் வருகிறது, அளவு வருவதில்லை. உப்பில் இருந்த சேர்மம் அந்த உப்பைப் போட்ட சிப்ஸில் எந்த வேலையும் செய்யாவிட்டால், சிப்ஸ் உறையில் அதைக் குறிப்பிடத் தேவையில்லை என்பது விதி. ஃபெர்ரோசயனைடுக்கு அந்த விலக்கு இருந்துவிட்டுப் போகட்டும். பாஸ்பேட்டுக்கும் அலுமினியச் சேர்மங்களுக்கும் மட்டுமாவது, 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஊட்டச்சத்துப் பட்டியலின் கீழே ஒரு வரி அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
உணவுப் பகுப்பாய்வுத் துறையில் பணியாற்றும் வாசகர்கள்