ஆண்டறிக்கை: பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், பெரும்பான்மையினரை விட்டுவிடக் கூடாது.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. அவற்றில் இரண்டு, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் தேநீரோடு கலைந்தன. பறவை நோக்கல் இரண்டு முறை நடந்தது. மரக்கன்று நடும் நாள் வழக்கம்போல் நடந்தது. எத்தனை கன்று பிழைத்தது என்று யாரும் கேட்காமலிருந்தால் நல்லது. பூச்சிகளின் வகைப்பாடு பற்றி ஒரு சிறப்புச் சொற்பொழிவும் உண்டு. இதுவரை பெயர் வைத்து விவரிக்கப்பட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 லட்சம் என்று பேச்சாளர் ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறாரோ என்று பிள்ளைகள் அரண்டுபோனார்கள்.

அடுத்தது, ஞாயிறு காலைப் பூச்சி வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். ‘செயலாளர் சங்கப் பணத்தில் பிள்ளைகளுக்கு எறும்பு காட்டிக்கொண்டிருக்கிறார்’ என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. உண்மைதான், எறும்புதான் காட்டினேன்.

முதல் நாள் வந்த பதினான்கு பிள்ளைகளும் ‘பூச்சிக்கு ஆறு கால், உடல் மூன்று பகுதி’ என்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள். சரி, ஓர் எறும்பை வரையுங்கள் என்றேன். கிட்டத்தட்ட எல்லோரும் தலைக்கு இரண்டு, நெஞ்சுக்கு இரண்டு, வயிற்றுக்கு இரண்டு என்று காலைப் பங்கு போட்டிருந்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு லென்சைக் கொடுத்து நிஜ எறும்பைப் பார்க்கச் சொன்னேன். “சார், வயித்துல காலே இல்ல! எல்லாம் நடுவுலதான்!” ஒப்பித்தது தப்பில்லை, பார்க்கவில்லை, அவ்வளவுதான். செயற்குழு முதலில் திட்டமிட்டிருந்த பூச்சிப் பெயர் வினாடி வினாவை நான் ஏன் கைவிட்டேன் என்பதற்கு இதுவே என் விளக்கம். எழுத்தில் வேறு விளக்கம் தரும் உத்தேசம் இல்லை.

அதன்பின் ஆளுக்கொரு நோட்டு. விதி ஒன்றுதான்: பார்த்ததை எழுது, நினைத்ததைத் தனியாக எழுது, எழுதியதை அழிக்காதே. எலுமிச்சைச் செடியில் கிடைத்த புழுக்களை வளர்த்தோம். குட்டிப் புழு அச்சு அசல் பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். இதற்காகவே புழுவைச் சீண்ட ஒரு கும்பல் உருவானது. அதையும் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டேன்.

ஒரு சிறுமி தன் கூட்டுப்புழுவுக்கு நாள் எண்ணிக் காத்திருந்தாள். ஒரு ஞாயிறு பார்த்தால் கூட்டில் சின்னதாக ஓர் ஓட்டை. பட்டாம்பூச்சி வரவில்லை. கொசுவைவிடச் சின்னதாக, பச்சையாக மின்னும் குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் நோட்டில் ‘தோல்வி’ என்று எழுதி, பக்கம் முழுக்கக் குறுக்குக்கோடு போட்டாள். கோடு இருக்கட்டும், கீழே பார்த்ததை எழுது என்றேன். அழுதுகொண்டேதான் எண்ணினாள். நாற்பத்து மூன்று வரை எண்ணிவிட்டுக் கேட்டாள்: “சார், இதெல்லாம் எப்ப உள்ள போச்சு?”

எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. புழுவாக இருந்தபோதே குளவி வந்து உள்ளே முட்டையிட்டுவிட்டது என்றது ஒரு கட்சி, கூடான பிறகுதான் என்றது இன்னொரு கட்சி. சண்டை முற்றி, கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அடுத்த முறை புழு கூடாகும் சமயத்தில் பாதியை மெல்லிய துணியால் மூடுவது, மீதியைத் திறந்தே விடுவது. மற்றபடி எல்லாம் ஒரே மாதிரி. திறந்திருந்த மூன்றில் ஒன்றிலிருந்து குளவி வந்தது. மூடிய மூன்றிலும் பட்டாம்பூச்சி. ‘கூடான பிறகுதான்’ கட்சி குதித்தது. அதே சிறுமிதான், “மூணு பத்தாது, இன்னும் நிறைய வெச்சுப் பாக்கணும்” என்று அடக்கினாள்.

‘இந்த வயதில் என்ன ஆராய்ச்சி’ என்று கேட்ட துணைத் தலைவருக்கு ஒரு தகவல். பூச்சிகளை வரைந்தும் ஆராய்ந்தும் புகழ்பெற்ற 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பெண்மணி மரியா சிபில்லா மெரியன் பட்டுப்புழுவை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 13. சில புழுக்களிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாக ஈக்கள் வந்ததையும் விடாமல் குறித்துவைத்தவர். 1699இல் 52 வயதில் பூச்சிகளைப் பார்ப்பதற்கென்றே கப்பலேறி தென் அமெரிக்காவிலுள்ள சுரிநாம் போனார். நம் உறுப்பினர்கள் பலருக்கு ஞாயிறு காலை தெருமுனை வரை வரக் கால் எழவில்லை.

உதவிக்கு ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் வாரம் நால்வர் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து நானும் பிள்ளைகளும்தான். வாங்கிய பதினைந்து லென்சில் பிள்ளைகள் தொலைத்தது ஒன்று. இன்னொன்றைச் செய்தித்தாள் படிக்க வாங்கிச் சென்ற மூத்த உறுப்பினர் இன்னும் படித்து முடிக்கவில்லை.

கணக்கு: வரவுக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்த சின்ன வித்தியாசத்தை ஒருவர் கைப்பணத்தில் சரிசெய்துவிட்டார். அவர் பெயரைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கிறது. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு, ஒருவருக்கு ஐந்தாம் ஆண்டு. அவர் இன்று வந்திருப்பதில் மகிழ்ச்சி.

தலைவருக்கும் பொருளாளருக்கும் நாற்காலி தந்தவர்களுக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குப் பிள்ளைகள் பத்துக்குப் பத்து என்று இருபது கூடு கேட்கிறார்கள். அத்தனை புழுவுக்கும் தினமும் இலை மாற்ற வேண்டும், ஒருவரால் ஆகாது. எனக்கு முட்டிவலி வேறு. செயலாளர் பதவிக்கு மீண்டும் நிற்பேனா என்று சிலர் அன்போடும், சிலர் ஆவலோடும் விசாரிக்கிறார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை. பிள்ளைகளின் நோட்டுகள், மீதி லென்சுகள், மூடும் துணி எல்லாம் என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே தட்டில்தான் இருக்கிறது.