குழைந்த தக்காளி சாதத்துக்கு அம்மாவின் பதில்

கண்ணு,

நீ அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். நிறமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது தக்காளி சாதம் இல்லை, தக்காளிக் கஞ்சி. குக்கர் இல்லாததால் இப்படி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாயி விறகடுப்பில் தேக்சா வைத்து உதிரி உதிரியாக வடித்துக் காட்டுவாள், குக்கரைக் கண்ணால் பார்க்காத காலத்திலேயே.

கோளாறு தண்ணீரில். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான். நீ நாலு பழத்தை நறுக்கிப் போட்டு, லேசாக வதங்கியதும் அரிசியைக் கொட்டி, பாக்கெட்டில் போட்டிருந்த அளவுக்கு முழுசாகத் தண்ணீரும் ஊற்றியிருப்பாய். நாலு பழம் 400 கிராம் என்று வைத்துக்கொள், அதிலேயே ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் வந்துவிடும், அப்புறம் குழையாமல் என்ன செய்யும்?

அதனால் வேலையெல்லாம் வதக்குவதில்தான். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் எடு. புதிதாக வாங்கினாயே அந்த இரும்புச் சட்டி, அது வேண்டாம், புளிப்பு பட்டால் பழக்கி வைத்த கறுப்பு உரிந்து சாதத்தில் இரும்பு வாடை வரும். மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய், பட்டை ஒரு துண்டு, இரண்டு கிராம்பு, கொஞ்சம் சோம்பு. ஏலக்காய், பிரிஞ்சி இலை, முந்திரி என்று அடுக்கிக்கொண்டே போகாதே, பிரியாணிக்குப் போட்டியாக நாம் இதைச் செய்யவில்லை. பெரிய வெங்காயம் ஒன்றை நீளமாக நறுக்கிப் பொன்னிறமாக்கி, கீறின பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன் போட்டுப் பச்சை வாடை போகட்டும். அதன்பிறகு தக்காளி, உப்பு, மஞ்சள்தூள். உப்பை இங்கேயே போட்டால் பழம் சீக்கிரம் கரையும். மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூனைத் தக்காளி ஈரம் விட்ட பிறகு போடு, வெறும் எண்ணெயில் போட்டால் கருகி நெடி கிளம்பி உங்கள் வீட்டுப் புகை அலாரம் கத்தும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்து, கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிகிற வரைக்கும் கிண்டு. கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், நடுவில் போனைப் பார்க்கப் போகாதே.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து நமக்கு வரும் நாட்டுத் தக்காளியின் புளிப்பு அங்கே கிடைக்காது. ஜெர்மனியில் பனிக்காலத்தில் கடையில் இருப்பதெல்லாம் ஸ்பெயினிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வருகிற பழம் என்று நீதானே சொன்னாய், பார்க்க மினுமினுப்பு, வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. அதற்கு டப்பாத் தக்காளியே தேவலாம். புளிப்பு போதவில்லை என்றால் கடைசியில் எலுமிச்சை பிழிந்துகொள்.

பாசுமதி ஒரு டம்ளர் என்றால் 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, தொக்கில் போட்டு மெதுவாகப் புரட்டு. ஒன்றரை டம்ளர் வெந்நீர் போதும். பொன்னிப் பச்சரிசி கிடைத்தால் இரண்டேகால் டம்ளர். கொதிக்கும்போது அந்தத் தண்ணீரை நக்கிப் பார், உப்பு ஒரு கல் தூக்கலாகத் தெரிய வேண்டும், அரிசி அதை இழுத்துக்கொள்ளும். புதினா, கொத்தமல்லி தூவி மூடி, தணலைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம். அப்புறம் அணைத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் தொடாதே. உன்னுடைய கண்ணாடி அடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், அதுவே தம். ஆனால் அடி பிடிக்கிற மாதிரி தெரிந்தால் பக்கத்துக்குத் தள்ளி வை. திறந்ததும் கரண்டியைப் போட்டுக் கலக்காமல், ஓரத்திலிருந்து முள்கரண்டியால் எடுத்துக் கிளறிவிடு.

ஆபீசுக்கு டப்பாவில் கொண்டுபோக வேறு வழி இருக்கிறது. தொக்கை ஞாயிற்றுக்கிழமையே இன்னும் சுருள வதக்கி பிரிட்ஜில் வைத்துக்கொள், காலையில் சாதத்தை வடித்து ஆறவைத்துக் கலந்தால் ஆச்சு. எனக்கு அதுதான் ருசி, உன் அப்பாவுக்கு ஒரே பாத்திரத்தில் செய்ததுதான் வேண்டும். ஆனால் இரவு மிஞ்சின சாதத்தை அடுப்பு மேலேயே விட்டுவிட்டு மறுநாள் சூடு பண்ணித் தின்னாதே, சாதம் வெளியே கிடந்தால் கெடும், சூடு பண்ணினாலும் அது சரியாகாது. சாப்பிட்ட கையோடு பிரிட்ஜுக்குள் வை.

தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி, இல்லாவிட்டால் அப்பளம். சனிக்கிழமை செய்வதாக இருந்தால் முன்னாடியே சொல், வீடியோவில் வருகிறேன். உன் அப்பா பின்னாலிருந்து ஏலக்காய் போடச் சொல்வார், காதில் வாங்காதே.

அம்மா