ரெசாங் லா: படம் வந்துவிட்டது, அறிக்கை எப்போது வரும்?

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சருக்கும் அமைச்சகத்தின் உயர் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சீனாவுடன் நடந்த 1962 போரில், லடாக்கின் ரெசாங் லா கணவாயில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1962 நவம்பர் 18, 13-வது குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி என்ற படைப்பிரிவு, அதை வழிநடத்திய மேஜர் சைத்தான் சிங் எல்லாம் வருடா வருடம் மேடைகளில் கேட்கும் பெயர்கள்தான். புதுப்பித்த நினைவிடத்தை 2021-ல் அமைச்சரே நேரில் போய்த் திறந்துவைத்தார். 2025 நவம்பரில் இந்தச் சண்டையைப் பற்றி ஓர் இந்திப் படமும் வந்தது. படத்தின் பெயரில் ‘அகீர்’ என்ற சமூகப் பெயர் இல்லை என்று குருகிராமில் சாலையில் இறங்கிப் போராடினார்கள். அங்கே உயிரை விட்ட சுமார் 114 பேரில் பெரும்பாலோர் அந்தச் சமூகத்துப் பிள்ளைகள், கோபம் நியாயம்தான். எனக்கு உறுத்துவது வேறு.

புத்தகமானாலும் படமானாலும் ஓர் இடத்தில் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். நடுவில் மலைமுகடு மறித்ததால் நம் பீரங்கிகளால் கம்பெனிக்கு உதவ முடியவில்லை என்று ஒரே வரி. சரி, பீரங்கி எட்டாத இடத்தில் ஒரு கம்பெனியை நிறுத்தலாம் என்று முடிவெடுத்தது யார்? ஹரியானாவின் ரேவாரி, மகேந்திரகர் பக்கத்துச் சமவெளிக்காரர்களை 16,000 அடி உயரத்துக் குளிரில், கையில் பழைய .303 ரைபிளோடு உட்காரவைத்தபோது மேலே இருந்தவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள்? அந்தப் போரின் தோல்வியை விசாரிக்கத்தானே ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963-ல் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள்? லடாக்கில் படைகளை முன்னே தள்ளிய கதையும் அதில் உண்டு என்பது 2014-ல் ஒரு பகுதி இணையத்தில் கசிந்ததிலிருந்தே ஊருக்குத் தெரியும். அந்த அறிக்கையை முழுதாக வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போரைவிட என்னை அதிகம் வதைப்பது அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம். கம்பெனியில் மிஞ்சியவர்கள் சிலர்தான். அவர்கள் கீழே வந்து நடந்ததைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை என்றுதான் இந்தப் போரைப் பற்றிய எழுத்துகள் சொல்கின்றன. அத்தனை பேரும் நின்று சண்டை போட்டு மடிந்தார்கள் என்றால் யார் நம்புவது? கூட்டாளிகளைப் பறிகொடுத்துவிட்டு, சொன்ன வார்த்தைக்கும் மதிப்பில்லாமல் அந்தச் சிப்பாய்கள் குளிர்காலத்தை எப்படிக் கழித்திருப்பார்கள்? 1963 பிப்ரவரியில் மேலே போய்ப் பார்த்தார்கள். பதுங்குகுழிகளில் உடல்கள் உறைந்து கிடந்தன, பலர் கையில் துப்பாக்கி அப்படியே இருந்தது. மருத்துவ உதவியாளர் தரம்பால் தகியா கையில் ஊசி, கூடவே கட்டுத்துணி. அதன் பிறகுதான் நம்பினார்கள். அப்புறம் பரம்வீர் சக்ரா, வீர் சக்ரா எல்லாம் பேசப்பட்டன. அந்தச் சிப்பாய்கள் தங்கள் பேச்சை நிரூபிக்கப் பிணங்களைக் காட்ட வேண்டியிருந்தது. அவர்களை அங்கே அனுப்பியவர்களின் காகிதமோ இன்னும் பெட்டிக்குள்.

காகிதம் வெளியே வராததால் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ரெசாங் லாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் செத்தார்கள் என்கிறது நம் தரப்பு. சீனாவோ மொத்தப் போரிலுமே 722 பேர்தான் என்கிறது. எதை நம்பி ஒருவர் திரைக்கதை எழுதுவார்? எழுத ஒன்றும் இல்லாத இடத்தில் ஸ்லோ மோஷனும் முழக்கமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. போர் முடிந்த இரண்டே வருடத்தில், 1964-ல் வந்த ‘ஹகீகத்’ என்ற இந்திப் படம் தோல்வியைத் தோல்வியாகவே காட்டியது. இன்றைக்கு அந்தத் துணிச்சல் யாருக்கு இருக்கிறது? படைகளைப் பற்றிய படமென்றால் வெளியிடும் முன் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று 2020-ல் நீங்களே தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் எழுதினீர்கள். நடிகரின் சீருடையைச் சரிபார்க்க நேரம் கிடைக்கிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய ஓர் அறிக்கையைப் புரட்டிப் பார்க்கத்தான் கிடைக்கவில்லை போலும்.

அறிக்கைக்கு இன்றும் ராணுவப் பயன்பாடு இருப்பதால் வெளியிட முடியாது என்று 2010-ல் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. ஆட்சி மாறியது, பதில் மாறவில்லை. .303 ரைபிள் காலத்துத் தவறுகளில் இன்னும் என்ன ரகசியம் மிச்சம் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை அந்தத் தவறுகளில் ஏதாவது இன்றும் நடந்துகொண்டிருந்தால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருடத்தில் பொதுவில் வைக்க வேண்டும் என்பது 2021-ல் உங்கள் அமைச்சகமே அறிவித்த கொள்கை. அறிக்கையை வெளியிடுங்கள். எல்லைப் பேச்சுவார்த்தைக்கு இடைஞ்சலான வரிகள் இருந்தால் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் லடாக் பற்றிய பகுதியையாவது தனியே கொடுங்கள். வரும் நவம்பர் 18-க்குள் ஒரு பதில் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ராணுவ வரலாறு படிக்கும் ஒரு வாசகன்