இல்லாத அரியணைக்கு வளர்க்கப்பட்ட பிள்ளை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தா காலத்துத் தொழிலை எடுத்து நடத்த மாட்டேன் என்று மகன் முடிவாகச் சொல்லிவிட்டதையும், அதிலிருந்து உன் வீட்டுக்காரர் அவனோடு சரியாகப் பேசுவதில்லை என்பதையும் படித்து மனது கனத்துவிட்டது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். கண் அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போது படிப்பது ஓட்டோ வான் ஹாப்ஸ்பர்க்கின் வாழ்க்கையைப் பற்றி. ஆஸ்திரியா-ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கடைசிப் பட்டத்து இளவரசர் அவர். சாம்ராஜ்யமே இல்லாமல் போன பிறகு தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தவர். உன் கடிதம் வந்த நாளிலிருந்து இவரைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

1916 நவம்பரில், ஏறத்தாழ 68 ஆண்டுகள் ஆண்ட பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் இறந்துபோனார். அவருடைய சவ ஊர்வலத்தின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. ஊரே கறுப்பில் இருக்கிறது, புதுப் பேரரசர் கார்லுக்கும் அவர் மனைவி ஸிட்டாவுக்கும் நடுவே வெள்ளை உடையில் அவர்களுடைய நாலு வயதுப் பிள்ளை நடக்கிறது. அதுதான் ஓட்டோ. இரண்டே வருஷத்தில் முதல் உலகப் போரில் தோற்று, குடியரசு வந்தது. 1919இல் ஹாப்ஸ்பர்க் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, உரிமையை விட்டுக்கொடுக்காத அந்தக் குடும்பத்தாரை நாடு கடத்தினார்கள். கார்ல் 1921இல் ஹங்கேரிய மகுடத்தை மீட்க இரண்டு தடவை முயன்று தோற்றார். பிறகு போர்த்துகலின் மதெய்ரா தீவுக்கு அனுப்பப்பட்டு, மறு வருஷம் ஏப்ரலில் நிமோனியாவில் இறந்தார். வயது 34. ஒரு பேரரசன் எப்படிச் சாகிறான் என்று மூத்த பிள்ளை பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஓட்டோவைப் படுக்கைக்கு அருகே வரச் சொன்னாராம். பிள்ளைக்கு ஒன்பது வயது. ஸிட்டாவின் வயிற்றில் எட்டாவது குழந்தை.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தது ஸிட்டாவைப் பற்றித்தான். முப்பது வயதுகூட ஆகாத விதவை, எட்டுப் பிள்ளைகள், பிறர் தயவில் இருக்க இடம். அன்று உடுத்திய கறுப்பை 1989இல், 96 வயதில் இறக்கும்வரை அவள் மாற்றவே இல்லை. ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் லெக்கெய்ட்டியோ என்ற ஊரில் குடியேறி, மூத்தவனை வருங்காலப் பேரரசனாகவே வளர்த்தாள். ஆஸ்திரியப் பாடத்திட்டம், ஹங்கேரியப் பாடத்திட்டம் இரண்டையும் அவன் படிக்க வேண்டும். ஜெர்மன், ஹங்கேரியன், குரோவேஷியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், லத்தீன் எல்லாம் வேண்டும். எந்த மக்களை ஆளப்போகிறானோ அவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் அல்லவா? ஆளப்போவதில்லை என்பது உலகத்துக்கே தெரிந்திருந்தது. அதை ஒப்புக்கொண்டால் செத்துப்போன கணவனுக்குத் துரோகம் செய்ததாகும் என்று அவள் நினைத்திருப்பாள் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பிள்ளையை யார் கேட்டார்கள்? 18 வயது நிறைந்ததும் அவரைக் குடும்பத் தலைவராக அறிவித்தார்கள். 1935இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். சொந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது.

அவர் நிஜமாகவே ஆட்சிக்கு வந்திருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பம் 1938 பிப்ரவரி. ஹிட்லர் ஆஸ்திரியாவை நெருக்கிக்கொண்டிருந்தபோது, ஆட்சியைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி 25 வயது ஓட்டோ ஆஸ்திரிய அரசாங்கத்தின் தலைவரான சான்சலர் ஷூஷ்னிக்குக்குக் கடிதம் எழுதினார். ஷூஷ்னிக் மறுத்துவிட்டார். மார்ச்சில் ஜெர்மன் படை உள்ளே வந்தது. அந்தப் படையெடுப்புத் திட்டத்துக்கு நாஜிகள் வைத்திருந்த குறிப்புப் பெயர் என்ன தெரியுமா? ‘ஓட்டோ’. அவரை அரியணையில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் முன்பே தீட்டிய திட்டம் அது. 1940இல் அவர்கள் தங்கியிருந்த பெல்ஜியமும் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது குடும்பம் பிரான்ஸ் வழியாக ஓடியது. போர்த்துகீசியத் துணைத் தூதர் அரிஸ்டிடிஸ் டி சோசா மென்டிஸ், தன் அரசாங்கத்தின் உத்தரவை மீறி ஆயிரக்கணக்கானவர்களுக்கு எழுதிக் கொடுத்த விசாக்களில் இவர்களுடையதும் உண்டு.

போர் முடிந்ததும் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதிக்குத் திரும்பி வந்தவரைக் குடியரசு மறுபடியும் வெளியேற்றியது. பழைய சட்டம் அப்படியே இருந்ததே! ஐம்பதுகளில் ஒரு பாஸ்போர்ட் கொடுத்தார்கள். ஆஸ்திரியாவைத் தவிர எல்லா நாடுகளுக்கும் அது செல்லும்! ஒரு குடிமகனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு என்ன இருக்கிறது, சொல். நான்கு வயதில் அந்த ஊர்வலத்தில் நடந்ததைத் தவிர அவர் செய்த குற்றம் என்ன? முடியாட்சி ஒழிந்தது சரி என்று நினைக்கிறவள்தான் நான். ஆனாலும் பிறப்பை வைத்து ஒருவருக்குக் கிரீடம் கொடுப்பது தப்பென்றால், பிறப்பை வைத்து ஒருவரை ஊரைவிட்டுத் துரத்துவதும் தப்புத்தானே.

கடைசியில் 1961 மே மாதம் அரியணை உரிமையைக் கைவிடுவதாகக் கையெழுத்துப் போட்டார். ஐந்து பெண்களுக்குப் பிறகு அவருக்கு முதல் மகன் பிறந்தது அதே ஆண்டு ஜனவரியில்தான். வாரிசு வந்த சில மாதங்களில் வாரிசுரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எப்படி இருந்திருக்கும்! முதுமையிலும் அந்தக் கையெழுத்தை நினைத்து அவர் வருந்தியிருக்கிறார். அதன் பிறகும் நீதிமன்றம், கட்சிச் சண்டை என்று இழுத்தடித்து, 1966இல்தான் ஆஸ்திரியாவுக்குள் போக முடிந்தது.

எனக்கோ, அவருடைய உண்மையான வாழ்க்கை அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் தொடங்கியதாகத் தெரிகிறது. ஜெர்மனியின் பவேரியாவில் குடியிருந்தவர், ஜெர்மன் குடியுரிமை பெற்று, 1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்து, இருபது வருஷம் உறுப்பினராக இருந்தார். இரும்புத்திரைக்குப் பின்னால், அதாவது கம்யூனிஸ்ட் ஆட்சியில், இருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்காக அங்கே ஒரு காலி நாற்காலி போட வைத்தவர் அவர். பழைய குடிமக்களில் பாதிப்பேர் அந்தத் திரைக்குப் பின்னால்தானே இருந்தார்கள்! அம்மா கற்றுக்கொடுத்த மொழிகள் எல்லாம் அப்போதுதான் வேலைக்கு வந்தன. லத்தீனில்கூட அந்த அவையில் பேசியிருக்கிறார்.

1989 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கேரியின் சோப்ரோன் நகருக்கு அருகே, ஆஸ்திரிய எல்லையில் ‘பான்-ஐரோப்பியப் பிக்னிக்’ நடந்தது. அதன் புரவலர்களில் அவர் ஒருவர். தான் போகாமல் மகள் வால்புர்காவை அனுப்பியிருந்தார். சிறிது நேரத்துக்கென்று திறந்த எல்லைக் கதவு வழியாக அறுநூறுக்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடிவந்தார்கள். கிழக்கு ஜெர்மனி ஆட்டம் காணத் தொடங்கியதில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் அவர் அப்பா ஆண்ட நாடுகள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. 2008இல், ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதன் எழுபதாம் ஆண்டு நிகழ்ச்சியில், ஆஸ்திரியாவைவிட அதிகம் பாதிக்கப்பட்ட நாடே ஐரோப்பாவில் இல்லை என்ற பொருளில் பேசினார். வியன்னாவில் ஹிட்லரை வரவேற்கத் திரண்ட கூட்டம் எவ்வளவு பெரியது! நாஜிகளை அத்தனை துணிவோடு எதிர்த்தவர் இப்படிச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தன் மக்கள் தப்பே செய்திருக்க மாட்டார்கள் என்று நம்பும் அரசரின் மனம் அவருக்குள் மிச்சம் இருந்திருக்கிறது.

2011 ஜூலையில், 98 வயதில் இறந்தார். வியன்னாவில் கப்பூச்சின் துறவிகளின் நிலவறையில்தான் ஹாப்ஸ்பர்க் அரசர்களைப் புதைப்பது வழக்கம். கதவைத் தட்டுவார்கள். உள்ளே இருந்து, வந்திருப்பது யார் என்று துறவி கேட்பார். முதலில் பேரரசுப் பட்டங்களை எல்லாம் வாசித்தார்கள். “அவரை எங்களுக்குத் தெரியாது” என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை அவர் உழைத்துச் சம்பாதித்தவற்றை வாசித்தார்கள்: முனைவர் பட்டம், நாடாளுமன்றப் பதவி, ஐரோப்பாவை ஒன்றுசேர்க்கப் பாடுபட்ட பான்-ஐரோப்பிய ஒன்றியம் என்ற இயக்கத்தின் தலைமை. அதற்கும் அதே பதில். மூன்றாவதாக, ஓட்டோ, மரணத்துக்கு உட்பட்ட, பாவியான ஒரு மனிதன் என்று சொன்ன பிறகே கதவு திறந்தது. அந்த இரண்டாவது பட்டியலுக்காகவே இவரை எனக்குப் பிடிக்கிறது. அது யாரும் அவருக்கு விட்டுப்போனதில்லை.

உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டு. பையன் தொழிலைத்தான் வேண்டாம் என்கிறான். வீட்டில் கற்றுக்கொண்ட கணக்கும், ஆட்களை நடத்தும் பக்குவமும் அவனோடுதான் போகும். ஸிட்டா தன் பிள்ளையிடம் ஒருபோதும் கேட்காத கேள்வியை அவர் அவனிடம் கேட்கட்டும். நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று.

அடுத்து பல்கேரியாவின் சிமியோனைப் படிக்கப் போகிறேன். ஆறு வயதில் அரசராகி, ஒன்பது வயதில் நாடு கடந்து, 2001இல் தேர்தலில் வென்று அதே நாட்டுக்குப் பிரதமராக வந்தவர். படித்து முடித்ததும் எழுதுகிறேன். பையன் என்ன முடிவெடுத்தான் என்று நீயும் உடனே எழுது.

அன்புடன்,
உன் தோழி