சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

குடிநீர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் கேட்டு நீங்கள் எழுதும் மனுக்கள் வாட்ஸ்அப்பில் எனக்கும் வருகின்றன. நியாயமான கோரிக்கைகள். சொத்து வரியும் கட்டிவிட்டு, தண்ணீர் லாரிக்கும் காசு கொடுத்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் "ஓ.எம்.ஆர். மக்கள் சார்பாக" என்று கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்த மக்களில், அரசு ஏழைகளைக் கொண்டுவந்து குடியமர்த்திய கண்ணகி நகரும் எழில் நகரும் செம்மஞ்சேரியும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் துரைப்பாக்கத்துக்காரன். 2000-ஆம் ஆண்டை ஒட்டி எங்கள் பக்கம் இரண்டு விதமான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் கணினிச் சம்பளக்காரர்கள் வந்தார்கள். அதே சமயத்தில் குடிசை மாற்று வாரியம் நகரத்துக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்தது. உங்களை வேலை கூட்டி வந்தது. அவர்கள் இருந்த வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று இது நீண்டது. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் வீடுகளுக்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தன.

எங்கள் பழைய ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி இல்லை. நிலம் இருந்தவர்கள் விற்றார்கள், சிலர் மாடி கட்டி வாடகைக்கு விட்டு நன்றாக இருக்கிறார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. அவர்கள் பிள்ளைகளில் சிலர் இன்று உங்கள் கேட்டில் செக்யூரிட்டி. அந்த வேலைக்கும் இப்போது ஒடிசா, அசாம் பையன்கள் வந்துவிட்டார்கள், அது வேறு கதை.

இதெல்லாம் எந்தக் கணக்கிலாவது இருக்கிறதா என்றால், இல்லை. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011 தொடக்கத்தில் முடிந்தது. துரைப்பாக்கம் அப்போது ஊராட்சி. அந்த வருடக் கடைசியில்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். அடுத்த தலைக்கணக்கு 2027-இல். அதிலும் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். கார் உண்டா, கம்ப்யூட்டர் உண்டா என்றுதான் கேட்பார்கள். உங்கள் இரண்டு காரையும் கண்ணகி நகர் வீட்டின் ஒரு டிவியையும் சேர்த்து வார்டுக்கு ஒரு சராசரி போட்டால், அது யாருடைய வாழ்க்கையும் இல்லை. அந்தச் சராசரியை வைத்து 'வசதியான பகுதி' என்று முடிவு கட்டிவிட்டால் உங்களுக்கும் நஷ்டம்தான். இருபது வருட வீட்டுக் கடனில் இருப்பவர்கள் எல்லாரும் பணக்காரர்களா என்ன?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மனுவை எழுதும்முன் கண்ணகி நகர்ப் பெண்களிடம் பேசுங்கள். தெரியாதவர்கள் இல்லை, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போய்ப் பம்படியில் குடத்தோடு நிற்பவர்கள்தான். தண்ணீர்க் கஷ்டம் உங்களைவிட அவர்களுக்கு நுணுக்கமாகத் தெரியும். வார்டில் பகுதி சபா, அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் குறை சொல்லும் கூட்டம், கூடும்போது அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள், வேலை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. வேலைக்கு ஆள் எடுக்கும்போது கண்ணகி நகர் முகவரியைப் பார்த்ததும் தயங்குவதை நிறுத்துங்கள். எத்தனை பிள்ளைகள் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்து வேலை தேடுகிறார்கள் தெரியுமா? உங்களில் பலர் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். இதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் வேண்டாம்.

மனு தயாரானால் சொல்லுங்கள். கண்ணகி நகரில் கையெழுத்து வாங்க நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
துரைப்பாக்கத்துப் பழைய குடித்தனக்காரன்