எங்கட பேச்சையும் போனுக்குப் பழக்குங்கோ

தொலைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் வசதியைச் செய்து தருபவர்களுக்கு,

அன்புடையீர், வணக்கம்.

போன மாதம் ஒரு மத்தியானம் அண்ணனிடமிருந்து எனக்கு வந்த செய்தி இது: ‘அம்மாவுக்கு ஏழாம் கிழக்கு கதையா வா.’

அண்ணன் சொன்னது, ‘அம்மாவுக்கு ஏலாமக் கிடக்கு, கெதியா வா.’

2009இல் அண்ணனுக்கு வலது கை போனது. இடது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. போனை மேசையில் வைத்து, குனிந்து, விரல் மொளியால் மைக் அடையாளத்தைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவார். குரல் பதிவு அனுப்புவதென்றால் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது அவருக்கு ஏலாது. எழுத்து பிழையாக விழுந்ததைக் கண்டிருக்கிறார். திருத்த முடியவில்லை, தம்பிக்கு விளங்கும் என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு விளங்கவில்லை. வவுனியாவில் வேலையில் நின்றேன். கைதவறி வந்ததென்று நினைத்துப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். அண்ணன் இரண்டு மணி நேரம் படலையடியில் என்னைப் பார்த்து நின்றிருக்கிறார். பிறகுதான் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடியிருக்கிறார். அவர்கள் ஓட்டோ பிடித்து அம்மாவை மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா இப்போது சுகம்.

மனிதர் பேசிய பதிவுகளையும் அவற்றின் எழுத்தையும் வைத்துத்தான் இந்த மென்பொருள் பழகுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பழகாத பேச்சு வந்தால், தெரிந்த சொற்களில் ஒலியில் கிட்ட இருப்பதைப் போட்டுவிடுகிறது. இலங்கைத் தமிழ் என்று தனியாக ஒரு தெரிவு வைத்திருக்கிறீர்கள். அண்ணன் அதைத்தான் போட்டிருந்தார். அதற்குள் எங்கள் வன்னிப் பக்கத்துச் சனத்தின் குரல் எத்தனை இருக்கிறது? தயவுசெய்து இங்கே வந்து எங்கள் குரல்களைப் பதிவு செய்யுங்கள்.

இப்போது அண்ணன் போனிடம் ‘உடம்பு சரியில்லை, சீக்கிரம் வா’ என்கிறார். பிழையில்லாமல் விழுகிறது. தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய தமிழ். அதுவும் நல்ல தமிழ்தான். ஆனால் தாய்க்கு வருத்தம் என்பதை இன்னொரு ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனைப் பக்கத்தில் இருந்து கேட்க என்னால் முடியவில்லை.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்கள் விளங்காத படிவங்களோடு அரச கந்தோர் வாசல்களில் நின்றவர்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. இன்றும் தமிழில் எழுதினால் சிங்களத்தில் பதில் வருகிறது. கையில் இருக்கும் போனும் எங்களை அப்படித்தான் நடத்த வேண்டுமா? நாளைக்கு வங்கி வேலையும் கச்சேரி என்கிற அரச அலுவலக வேலையும் குரலால்தான் என்று வந்தால் அம்மா போன்றவர்கள் எங்கே போவார்கள்?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: எங்கள் குரல்களைப் பதிவு செய்யுங்கள். மொசில்லாவின் கொமன் வொய்ஸ் என்ற குரல் சேகரிக்கும் திட்டத்தில் எவரும் இணையத்தில் தமிழில் பேசிக் கொடுக்கலாம். ஆனால் வயலில் நிற்பவரும் மீன் விற்பவரும் வயது போன ஆச்சிமாரும் இணையத்துக்கு வந்து பேசமாட்டார்கள். நீங்கள்தான் துணுக்காய், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் வர வேண்டும். சம்மதம் கேட்டு, மினக்கெடும் நேரத்துக்குக் கூலி கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

முதல் ஆளாகத் தான் கதைத்துத் தருவதாக அண்ணன் சொல்கிறார். பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
துணுக்காயிலிருந்து ஒரு தம்பி